பழைய டீசல் வண்டியின் விலையும் இரண்டு புகை மோசடிகளும்

2015 டிசம்பர் 1ஆம் தேதி ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் இந்தியாவில் 3,23,700 டீசல் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதே ராத்திரி செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் இறங்கி சென்னை மூழ்கியது. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, பழைய கார் வாங்கப் போன எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்பதுதான். மேட்டைத் தூக்கிச் சேறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் கறை தேடுவார்கள். "புகையில ஏமாத்தின வண்டியா?" என்று கேட்ட ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

உலகத்தையே உலுக்கிய மோசடி, நம்ம ஊர் பழைய வண்டிச் சந்தையை ஏன் தொடவில்லை? இதைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மோசடி. எழுதியவர்கள் என் தொழில்காரர்கள் என்பதால் இதில் எனக்குத் தனி ஆர்வம். சோதனைக் கூடத்தில் காரை உருளை மேல் ஏற்றி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் திரும்பாது. வேகம் ஏறி இறங்கும் வரிசையும் முன்கூட்டியே எழுதி வைத்தது. ஸ்டீயரிங் நிலை, வேகம், ஓடிய நேரம், காற்றழுத்தம் இவற்றைப் பார்த்து "இது டெஸ்ட்" என்று மென்பொருள் கண்டுபிடித்துவிடும். உடனே நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தும் வேலையை ஒழுங்காகச் செய்யும். ரோட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடும். ஒரு 'இஃப்' கண்டிஷன், அவ்வளவுதான். உலகம் முழுக்க 1.1 கோடி கார்களில் இருந்தது.

வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சின்னக் குழு ஒன்று கருவியை டிக்கியில் வைத்து ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்தபோது, ஜெட்டா கார் வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு கக்கியது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று ஒருவர். பேரைப் பார்த்தாலே தெரியும், நம்மாள். இன்னொருவர் பெங்களூரு ஹேமந்த் கப்பண்ணா. 2015 செப்டம்பர் 18இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நோட்டீஸ் கொடுத்ததும் விஷயம் வெடித்தது.

அங்கே மறுவிற்பனை விலை சரிந்தது. ஆனால் 2016இல் வந்த சமரசத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நிறுவனம் வண்டியைத் திரும்ப வாங்க வேண்டும். அதுவும் சரிந்த விலைக்கு இல்லை, 2015 செப்டம்பரில், மோசடி வெளியே வருவதற்கு முன் என்ன விலையோ அந்த விலைக்கு. மேலே 5,100 டாலர் முதல் 10,000 டாலர் வரை ரொக்கம். இப்படி வாங்கிய கார்களை கலிபோர்னியாப் பாலைவனத்திலும் கைவிட்ட ஸ்டேடிய வாசலிலும் வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள்.

இங்கே வண்டிக்காரருக்குக் கிடைத்தது மென்பொருள் அப்டேட். "அதைப் போட்டா மைலேஜ் குறையும், பிக்கப் போயிடும்" என்று பயந்து சர்வீஸ் சென்டர் பக்கமே போகாதவர்கள் உண்டு. அரசு சோதனையில் ரோட்டில் வரம்பை மீறிப் பல மடங்கு புகை வந்தது. நிறுவனத்தின் பதில்: இந்தியாவில் ரோட்டு அளவுக்கு என்று விதியே கிடையாது, ஆகவே மீறலும் கிடையாது. கேட்டால் கோபம் வரும், ஆனால் அன்றைய நிலையில் அப்படி ஒரு விதி இல்லை என்பது உண்மை. ரோட்டில் அளக்கும் விதி கட்டாயமானது 2023 ஏப்ரலில். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் விதித்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது. அந்தத் தொகையும் டெல்லிக் காற்றின் கணக்குக்குத்தான், வண்டி வாங்கியவருக்கு இல்லை.

இதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நமக்கென்று சொந்தமாக ஒரு புகை மோசடி நடந்துவிட்டது. நிறையப் பேருக்கு நினைவில்லை. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1,14,000 செவர்லே டவேராக்களைத் திரும்ப அழைத்தது. இங்கே மென்பொருள் வித்தை எதுவும் இல்லை, சுத்தமான கைவேலை. ஆய்வுக்குப் போகும் வண்டிக்கு மட்டும், புகை குறைவாக வரும் எஞ்சினாகப் பார்த்துப் பொறுக்கி மாட்டினார்கள்; வண்டி எடையையும் மாற்றிக் காட்டினார்கள். 2005 முதல் 2013 வரை தயாரான வண்டிகள் இதில் வந்தன. நிறுவனமே அரசுக்கு எழுதி ஒப்புக்கொண்டது, ஆட்களையும் நீக்கியது.

டவேரா எங்கள் பக்கத்து வண்டி. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள், செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிறவர்கள் என்று கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அது ஓடாத நாளில்லை. திருவண்ணாமலையில் ஆட்டோ கன்சல்டிங் நடத்தும் ஒருவரிடம் கேட்டேன். "2013ல டவேரா விலை இறங்குச்சாண்ணே?" "எதுக்கு சார் எறங்கணும்?" "புகை கேஸ் வந்துச்சே." அவர் சிரித்துவிட்டார். "அது 2017ல எறங்குச்சு சார். கம்பெனி இந்தியாவ விட்டுப் போறான்னு சொன்னாங்க பாருங்க, அன்னைக்கு. ஸ்பேர் கெடைக்குமான்னு பயந்துட்டாங்க."

எனக்கு இது முழு விளக்கமாகப் படுகிறது. வாங்குகிறவன் அளப்பது மூன்று: கிலோமீட்டருக்கு என்ன செலவு, பாகம் கிடைக்குமா, எஃப்.சி. ஆகுமா. புகை இந்த மூன்றிலும் வராது. எஃப்.சி.யில் வருமே என்பீர்கள். பெட்ரோல் பங்க்கில் எடுக்கிறோமே புகை சர்டிபிகேட், டீசல் வண்டிக்கு அது பார்ப்பது புகையின் கருமையை மட்டும். ஒளி எவ்வளவு மறைகிறது என்ற கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடை அந்த மெஷின் அளப்பதே இல்லை. ஏமாற்றின வண்டி, ஏமாற்றாத வண்டி இரண்டும் அதே சீட்டோடு வெளியே வரும். தெரியாத குறைக்குச் சந்தையில் விலை குறையாது. அமெரிக்காவில் விலை இறங்கியதற்குக் காரணம் மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதில்லை. அந்த வண்டியை நாளைக்கு ஓட்ட விடுவார்களா என்ற சந்தேகம்தான்.

டீசல் வண்டியின் விலையை இங்கே உண்மையில் ஆட்டியது பங்க் போர்டு. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் கார் 20 என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 2.80 ரூபாய் மிச்சம். டீசலுக்குக் கூடக் கொடுத்த ஒரு லட்சம் 36,000 கிலோமீட்டரில் திரும்பிவிடும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டியது, இரண்டும் 80 ரூபாயை ஒட்டி. அந்த விலையில் அதே ஒரு லட்சம் திரும்ப 75,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருந்தது. அதே வருஷம் ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஃபோக்ஸ்வாகனும் இங்கே நிறுத்தியது.

இன்னொன்று டெல்லியின் பத்து வருஷ விதி. 2015 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 வரை, பத்து வயதான டீசல் கார் எதுவும் அங்கே ஓடக்கூடாது என்றிருந்தது. நன்றாக ஓடும் வண்டி ஒரே நாளில் இரும்பு விலைக்கு வந்தது. ஆனால் என்.ஓ.சி. வாங்கி வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோனால் அதற்கு மறுபடி உயிர் வந்தது. எட்டு, ஒன்பது வயதில் டெல்லிக்காரர் அவசரமாக விற்பதும், தூரத்தில் இருப்பவர் அடித்துப் பேசி வாங்குவதும் இப்படித்தான் வழக்கமாயின. ஜெர்மனியில் 2018இல் ஹாம்பர்க் போன்ற நகரங்கள் பழைய டீசலுக்குச் சில சாலைகளை மூடியபோது, அங்கிருந்த வண்டிகள் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போனதும் இதே வழிதான்.

இந்த என்.ஓ.சி. சம்பந்தமாகத் தீர்ப்பாயம் 2016 ஜூலையில் சொன்னதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டெல்லியின் பழைய டீசல் வண்டிகளை, வாகன நெரிசல் குறைவாகவும் காற்றில் புகை சீக்கிரம் கலைந்து போகக்கூடியதாகவும் இருக்கும் இடங்களுக்கு அனுப்பலாம். அப்படிப்பட்ட இடங்களை மாநிலங்கள் அடையாளம் காட்ட வேண்டும். அந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். கடலைக் கொல்லை, ஏரிக்கரை, நல்ல காற்று. ரோட்டில் அந்த நேரத்துக்கு ஒரு டவேராதான் போனது.