காற்றை அளந்து கொடுக்கும் அடுப்பு: கமாடோவின் வரலாறு

தணலைத் தடித்த பீங்கான் சுவருக்குள் மூடிவைத்து, வீட்டின் கொல்லைப்புறத்தில் இறைச்சியும் ரொட்டியும் காய்கறியும் சமைக்கப் பயன்படும் முட்டை வடிவக் கரியடுப்பு, 'கமாடோ' என்ற ஜப்பானியப் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆழ வேரூன்றிவிட்டதால் அது அங்கேயே பிறந்த பொருள்போலத் தோன்றினாலும், அதன் மூதாதை ஜப்பானியச் சமையற்கட்டில் சோறாக்கிக்கொண்டிருந்த மண் அடுப்புதான். இடையில் நாடு மாறியது, உணவு மாறியது, அடுப்பைச் செய்யும் மண்ணும் மாறியது. நெருப்பை ஊதி வளர்க்காமல், அதற்குச் செல்லும் காற்றை அளந்து கொடுப்பது என்ற ஒன்று மட்டும் மாறவில்லை. இந்த அடுப்பை வாங்கியவர்கள் ஆண்டுகள் பல கடந்தும் அதை விடாமல் போற்றுவதற்கான காரணத்தை அந்த ஒன்றிலேயே தேட வேண்டியிருக்கிறது.

ஜப்பானின் தொல்குடியினர் குழிவீடுகளின் நடுவே திறந்த அடுப்பில் சமைத்துவந்தனர். பெருங்கல்லறைகளின் காலமாகிய கோஃபுன் காலத்தில், ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில், கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்து குடியேறிய கைவினைஞர்களோடு, உயர் வெப்பச் சூளையில் சுடும் மட்பாண்டக் கலையும் சுவரை ஒட்டிக் களிமண்ணால் எழுப்பப்படும் மூடிய அடுப்பும் அந்நாட்டை அடைந்தன. அதுவே கமாடோ. முன்புறம் விறகிடும் வாயும், மேலே பானை அமரும் துளையும், பின்புறம் புகை வெளியேறும் வழியும் கொண்ட இந்த அமைப்பு, நாற்புறமும் சிதறிப்போன வெப்பத்தைப் பானையின் அடியில் குவித்தது. அடுப்பு எரிவதே குடும்பம் வாழ்வதன் அடையாளமாகவும் கருதப்பட்டது. நின்டோக்கு என்ற பேரரசர் உயரமான இடத்தில் நின்று நாட்டைப் பார்த்தபோது வீடுகளிலிருந்து அடுப்புப் புகை எழாததைக் கண்டு, மக்கள் வறுமையில் வாடுவதை உணர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு வரியையும் கட்டாய உழைப்பையும் நீக்கினார் என்று 720இல் தொகுக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' என்ற வரலாற்று நூல் கூறுகிறது. அந்நிகழ்ச்சி அவ்வாறே நடந்திருக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு நாட்டின் நலத்தை அடுப்பை வைத்து அளக்கலாம் என்ற எண்ணம் அந்நூலைத் தொகுத்தவர்களுக்கு இயல்பாக இருந்தது என்பது தெளிவு.

பிற்கால நகர வீடுகளில், குறிப்பாகக் கியோட்டோவின் வணிகர் இல்லங்களில், மண் தரையிட்ட நீண்ட நடைபாதையின் ஓரத்தில் கமாடோ வரிசையாக அமைக்கப்பட்டது. மேலே கூரை உயரமாக விடப்பட்டதால் புகையும் வெப்பமும் மேலேறி வெளியேறின. அதன்மேல் வைக்கப்பட்ட 'ஹகாமா' என்னும் சோற்றுப் பானையின் இடுப்பைச் சுற்றி ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அவ்விளிம்பு அடுப்பின் துளையில் பொருந்தி அமர்வதால் தீ வெளியே கசிவதில்லை. கனமான மரமூடி ஆவியை உள்ளேயே அடக்கும். ஜப்பானியச் சோறு கஞ்சி வடிக்கப்படுவதன்று. ஊற்றிய நீர் முழுவதையும் அரிசியே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஆகவே முதலில் இளந்தீ, பிறகு பெருந்தீ, கடைசியில் தீயை அடக்கிப் புழுங்கவிடுதல் என்ற ஒழுங்கைத் தாய்மார்கள் பெண்மக்களுக்குக் கற்பித்தனர். குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்கலாகாது என்பது அப்பாடத்தின் இறுதி விதி.

அந்த விதியையே ஒரு கருவியாக வடித்தது போன்றது 'முஷிகமாடோ'. முஷி என்பது ஆவியில் புழுக்குதலைக் குறிக்கும். சுவரோடு கட்டப்பட்ட பழைய அடுப்பைப் போலன்றி, இது தனியே தூக்கி வைக்கக்கூடிய உருண்டையான மண்கலம். கவிகை வடிவ மண்மூடி அதன்மேல் கவிந்திருக்கும். அடியில் காற்று நுழைவதற்கு ஒரு சிறு கதவும், மூடியின் உச்சியில் புகை வெளியேற அடைப்புள்ள ஒரு துளையும் உண்டு. விறகுக்குப் பதில் கரி இடப்பட்டது. பானை அடுப்பின்மேல் அமராமல் அடுப்புக்குள்ளேயே இறங்கியது. சோறு கொதித்து நீர் வற்றியதும் கதவையும் துளையையும் அடைத்துவிட்டால், காற்றின்றித் தணல் அணையும். சூடேறிய மண்சுவர் மட்டும் வெப்பத்தைத் திருப்பித் தந்துகொண்டிருக்க, சோறு பதமாகப் புழுங்கும். பிரியாணிச் சட்டியின் வாயை மாவால் ஒட்டி, மூடிமேல் தணலைப் பரப்பித் தம் போடுவோருக்கு இதன் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. தம் போடுகையில் சமையற்காரரின் கைப்பழக்கம் செய்யும் வேலையை முஷிகமாடோவில் இரண்டு துளைகள் செய்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 முதல் 1952 வரை ஜப்பான் நேச நாடுகளின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோதும் அதன்பின்னும், பல்லாயிரம் அமெரிக்கப் படையினர் அங்கே தங்கியிருந்தனர். அவர்களுள் சிலர் இந்த மண்கலத்தின் நடுவில் பானைக்குப் பதிலாகக் கம்பித் தட்டைப் பொருத்தி இறைச்சியைச் சுட்டுப் பார்த்தனர். திறந்த தணலில் வாட்டிய இறைச்சியைவிட அது சாறு வற்றாமல் மென்மையாக வெந்தது. மூடிக்குள் அடங்கிய புகை இறைச்சியில் இறங்கியது. பணி முடிந்து திரும்பியவர்கள் அடுப்பையும் உடன் எடுத்துச் சென்றனர். சரக்கின்றித் தாய்நாடு திரும்பிய போக்குவரத்து விமானங்களில் அவை ஏற்றப்பட்டன என்று சொல்லப்படுவதுண்டு. இதே ஆண்டுகளில் ஜப்பானில் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1955 டிசம்பரில் தோஷிபா நிறுவனம் தானே நின்றுகொள்ளும் மின்சாரச் சோற்றுக்கலனை விற்பனைக்குக் கொண்டுவந்தது; விடியலுக்கு முன் எழுந்து தீ மூட்டும் வேலையிலிருந்து பெண்கள் விடுபட்டனர். அவர்களுடைய பாரத்தைக் குறைத்த அம்மாற்றத்தைக் குறை சொல்ல எவருக்கும் நியாயமில்லை. அன்றாடக் கடமையாக இருந்தபோது சுமையாகிய அடுப்பு, விடுமுறை நாளின் விருப்பமாக மாறியபோது இன்பமாயிற்று என்பதையும் இவ்வரலாறு மறைக்காமல் காட்டுகிறது.

அமெரிக்க மண்ணில் அதற்கு இடம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. ஹென்றி ஃபோர்டின் மோட்டார் தொழிலில் மிஞ்சிய மரக்கழிவிலிருந்து 1920களில் மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுன்டன் பகுதியில் செய்யப்பட்ட அச்சுக்கரி, அதாவது கரித்தூளை மாவுப்பசையோடு அழுத்திச் செய்த வில்லை, போருக்குப் பின் எல்லாக் கடைகளிலும் கிடைத்தது. புறநகர் வீடுகள் பெருகின. வீட்டுக்கு வீடு புல்வெளி இருந்தது. 1952இல் சிகாகோ அருகே ஓர் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீஃபன், கடல் மிதவை செய்வதற்கான அரைக்கோளங்களைக் கொண்டு மூடியுள்ள கரியடுப்பை உருவாக்கினார். அதுவே வெபர் அடுப்பு. மூடியின் பயனை அமெரிக்கர் பரவலாக உணர்ந்தது அதன் வழியாகவே. ஆனால் மெல்லிய இரும்புத் தகடு வெப்பத்தைத் தாங்கி வைப்பதில்லை. உள்ளே வெப்பம் குறையாதிருக்கத் தணல் வேகமாக எரிய வேண்டும், வேகமாக எரியக் காற்று மிகுதியாகப் பாய வேண்டும், பாயும் காற்று இறைச்சியின் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். மண்கலத்துக்கு அந்தக் குறை இல்லை.

மண்கலத்தை ஊரறியச் செய்தவர் எட் ஃபிஷர். அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக ஜப்பானில் இருந்தபோது கமாடோவின் சுவையை அறிந்த அவர், 1974இல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் சிறு கடையொன்றைத் திறந்தார். அங்கே முதன்மையாக விற்றது பச்சிங்கோ என்ற, செங்குத்துப் பலகையில் எஃகுக் குண்டுகள் உருண்டு விழும் ஜப்பானிய விளையாட்டு எந்திரம். அதன் பக்கத்தில் இறக்குமதியான சில மண் அடுப்புகளும் இருந்தன. அடுப்பின் பயன் எவருக்கும் விளங்காததால், கோழி இறக்கைகளைச் சுட்டு மணத்தைக் காட்டி வாடிக்கையாளரை அழைத்தார் என்பது அந்நிறுவனத்தின் வழக்கமான கதை. நாளடைவில் விளையாட்டு எந்திரம் மறைந்தது. பச்சை வண்ணமும் முட்டை வடிவமும் கொண்ட அடுப்பு 'பிக் கிரீன் எக்' என்ற பெயரில் நிலைத்தது.

அந்த முதல் அடுப்புகளின் பெருங்குறை வெடிப்பு. தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட மண் நுண்துளைகள் நிறைந்தது. மழையில் நனைந்து ஈரத்தை உறிஞ்சும், பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும், தணல் மூட்டும்போது உட்புறம் மட்டும் விரைந்து சூடாகி வெளிப்புறம் பின்தங்கும். சில ஆண்டுகளில் கலம் பிளந்துவிடும். ஜப்பானில் கூரைக்குள் இருந்த அடுப்பு அமெரிக்காவில் வானத்தின் கீழ் வந்ததன் விலை அது. ஃபிஷர் கண்ட தீர்வு மண்ணை மாற்றுவது; மெக்சிகோவின் மான்டெரே நகரில், தரை ஓடுகளுக்குப் பெயர்பெற்ற ஒரு பீங்கான் தொழிற்சாலையில், வெப்பத்தில் மிகக் குறைவாக விரியும் கலவையைக் கொண்டு அடுப்புகள் வார்க்கப்பட்டன. இத்தகைய கலங்களில் பெயர்பெற்றது கார்டியரைட் என்னும் கனிமம். மக்னீசியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த அது, குயவர்களின் சூளைத் தட்டுகளுக்கும் பயன்படுகிறது. வெளிப்புறம் மெருகிடப்பட்டதால் மழைநீர் இறங்கவில்லை. தணல் நேரடியாகப் படும் உட்கிண்ணம் மட்டும் நெடுநாள் வெடித்துக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் எழுந்த போட்டி நிறுவனங்களுள் ஒன்றான கமாடோ ஜோ அதைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பொருத்தியபோது, ஒவ்வொரு துண்டும் தன்னளவில் விரிய இடம் கிடைத்து அச்சிக்கலும் தீர்ந்தது. மூடியின் எடையைத் தாங்கும் வில் கீலும், மூடியும் கலமும் சேரும் விளிம்பில் ஒட்டப்படும் கம்பளப் பட்டையும் எளிய சேர்க்கைகளே எனினும், ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள கருவியை ஒரே கையால் திறக்கவும், காற்றுக் கசியாமல் மூடவும் அவையே வழிசெய்தன.

இந்த அடுப்பின் இன்பம் முழுமையாக வெளிப்படுவது அமெரிக்கத் தென்பகுதியின் பன்றித் தோள் இறைச்சியை இரவெல்லாம் வேகவைக்கும்போது. மரத்துண்டுகளை அப்படியே எரித்தெடுத்த கட்டைக்கரியை உட்கிண்ணம் நிறைய அடுக்கி, இடையிடையே ஹிக்கரி அல்லது ஆப்பிள் மரத்துண்டுகளைப் புதைத்து, ஓரிடத்தில் மட்டும் பற்றவைப்பர். அச்சுக்கரியின் மிகுந்த சாம்பல் கீழ்வழியை அடைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பர். தணலுக்கும் இறைச்சிக்கும் நடுவே ஒரு பீங்கான் தட்டு இருக்கும். நேர்வெப்பத்தை மறித்து, சுவர்களிலிருந்து வரும் வெப்பத்தில் மட்டும் வேகச் செய்வது அதன் வேலை. முதலில் எழும் தடித்த வெண்புகை கசப்பைத் தருவதால், அது அடங்கி, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இளநீலப் புகை வரும்வரை காத்திருந்துதான் இறைச்சியை வைப்பர். பிறகு கீழ்க்கதவு ஒரு விரற்கடை, மேல்துளை ஒரு கீற்று. வெப்பமானி 110 பாகையில் நிற்கும். ஒரு கிலோ கரிமம் முழுவதும் எரிய 11 கிலோவுக்கும் மேற்பட்ட காற்று தேவைப்படுவதால், அந்தக் கீற்றின் அகலமே தீயின் வேகத்தை நிறுத்தி வைக்கிறது. இறைச்சியின் உள்வெப்பம் 65, 70 பாகையை எட்டியதும் மேலேறாமல் பல மணி நேரம் அங்கேயே நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாவதால் உண்டாகும் குளிர்ச்சி, வரும் வெப்பத்துக்கு ஈடுகட்டுவதே அதற்குக் காரணம். புதியவர் பொறுமையிழந்து துளையைத் திறப்பது அப்போதுதான். பழகியவர் உறங்கப் போகிறார். விடிகையில் உள்வெப்பம் 90 பாகையைத் தாண்டி, தசைநார்களின் இணைப்புப் புரதம் கூழாகக் கரைந்து, எலும்பைப் பிடித்து இழுத்தாலே தனியே கழன்றுவரும். இத்தனைக்கும் இடையில் கரி சேர்க்க வேண்டியதில்லை.

அதே அடுப்பின் இரு வழிகளையும் முழுவதும் திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் வெப்பம் 350 பாகையைக் கடக்கும். அந்நிலையில் காற்றை அடைத்துவிட்டு மூடியை வேகமாகத் திறப்பது ஆபத்தானது. உள்ளே எரியாமல் தேங்கிய வாயுக்கள் புதுக்காற்றைக் கண்டதும் குப்பென்று பற்றி முகத்தையும் கையையும் சுட்டுவிடும். எனவே மூடியை இரு விரல் அளவு உயர்த்தி, மூச்சுவிடச் செய்து, பிறகே திறப்பது பயனாளர் அனைவரும் கற்கும் முதற்பாடம். கரி எரிகையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு வெளிவருவதால் இதை வீட்டுக்குள் வைப்பதற்கும் வழியில்லை. சமையல் முடிந்து இரு வழிகளையும் அடைத்ததும் தணல் அணைந்து, எரியாத கரி அடுத்த சமையலுக்கு மிஞ்சுகிறது. முஷிகமாடோ கற்றுத்தந்த சிக்கனம் அது.

1990களின் இறுதியிலிருந்து அட்லாண்டாவில் ஆண்டுதோறும் இந்த அடுப்பின் பற்றாளர்கள் கூடித் திறந்தவெளியில் சமைத்துப் பகிர்ந்துகொள்ளும் விழா நடந்துவந்தது. இப்போது இரட்டைச் சுவர் எஃகுக் கலங்களும் கமாடோ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவை எடை குறைந்தவை, விலை மலிந்தவை, விழுந்தால் உடையாதவை. இரவு முழுவதும் இறைச்சியை வேகவைப்பதில் பீங்கானுக்கு அதிகம் பின்தங்குவதுமில்லை. பீங்கானின் மேன்மை ரொட்டியில்தான் தெரிகிறது. தட்டையான கல்லை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் கலம் முழுவதையும் சூடேற்றிவிட்டால், கல் கீழிருந்தும் கவிகை மேலிருந்தும் ஒருசேர வெப்பத்தை வீச, பீட்சா சில நிமிடங்களில் மேலும் கீழும் ஒரே பதத்தில் வெந்து எழுகிறது. அதை எடுத்துவிட்டு அடுத்ததை இடும்போதும் அந்தத் தடித்த சுவர் தன் வெப்பத்தை இழப்பதில்லை.