மூடி வைத்த மடிக்கணினி: மலையின் இருபுறமும்

மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டு, தனித் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை இணைத்து அதை மேசைக் கணினியாகப் பயன்படுத்தும் முறைக்கு, 1992 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் டுவோ ஒரு தெளிவான முன்னோடியாகும்; மூடிய நிலையிலேயே அது, வீடியோ கேசட்டைப் போல, டுவோ டாக் எனப்பட்ட இணைப்புப் பெட்டிக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டது.

தமிழ்நாடு–கேரள எல்லை மலையிலுள்ள போடிமெட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம், இப்படி மேசைக் கணினியாகவும் மாறக்கூடிய மடிக்கணினியை எளிய வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. மேற்கே இடுக்கியை உள்ளடக்கிய கேரளமோ, 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியையும் படவீழ்த்தியையும் வழங்கியது. ஒன்று மாணவரின் உடைமை, மற்றொன்று வகுப்பறையின் உடைமை என்னும் இவ்வேறுபாடே, கருவிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் கவனத்திற்குரியது.

வீட்டிலோ வகுப்பறையிலோ மடிக்கணினியை மூடி வைத்துப் பயன்படுத்த முனைந்தால், முதலில் ஒரு தடை வரும். பெரும்பாலான மடிக்கணினிகளில் மூடியிலுள்ள சிறு காந்தத்தை உடற்பகுதியிலுள்ள உணரி அறிந்ததும் கணினி உறக்கநிலைக்குச் செல்வதால், விண்டோஸில் மின்சார அமைப்புகளுக்குள் சென்று, மூடும்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மாற்ற வேண்டியிருக்கிறது. லினக்ஸிலோ, வெளித்திரை இணைந்திருந்தால் இயல்பாகவே உறக்கம் தவிர்க்கப்படுவதுண்டு. கீல் உடைந்த, திரை பழுதான பழைய கணினிக்கு மறுவாழ்வு தருவதும் மூடி வைத்துப் பயன்படுத்தும் இம்முறைதான். எனினும், விசைப்பலகையின் வழியாகவும் வெப்பத்தை வெளியேற்றும் மாதிரிகள் மூடிய நிலையில் கூடுதலாகச் சூடேறுகின்றன. எந்நேரமும் மின்னிணைப்பிலேயே கிடக்கும் மின்கலமும் அவ்வெப்பத்தால் விரைந்து தேய்ந்து, சில வேளைகளில் உப்பியும் விடுகிறது.