தட்டை, கவலை, மோட்டார்... அப்புறம் கூகை

குறிஞ்சிப்பாட்டு படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். தினைப்புனம் காக்கற பொண்ணுங்களுக்குத் தழல், தட்டை, குளிர்னு கருவிகள். எல்லாமே கிளி விரட்ட. தட்டைங்கறது பிளந்த மூங்கில். அடிச்சா 'படபட'ன்னு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஒரு குறி இருந்துச்சு. கிளி பறந்ததும் வேலை முடிஞ்சுது.

எங்க வெள்ளகோவில் பக்கம் மலை இல்லீங்க. கிணத்துத் தோட்டமும் மேய்ச்சல் காடும்தான். இங்க விவசாயச் சத்தம்னா ஒரு காலத்துல கவலை இறைக்கறது. மாடு பின்னால நடந்தா சால் கிணத்துக்குள்ள இறங்கும், முன்னால போனா தண்ணியோட மேல வரும், உருளை கிரீச்சிடும். மாடு களைச்சா சத்தமும் ஓய்ஞ்சிரும். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்ததும் கதை மாற ஆரம்பிச்சது. ஆயில் என்ஜின், கரண்ட் மோட்டார், பின்னாடியே டிராக்டர். மோட்டாருக்கு ஏது களைப்பு? ராத்திரி முறையில கரண்ட் விட்டா ராத்திரி பூரா ஓடும்.

இது யாரையும் விரட்டறதுக்கான சத்தம் இல்ல. அதனால சில ஜீவன்கள் பயப்படறதே இல்ல. டிராக்டர் உழுதா உண்ணிக்கொக்கு கூடவே நடக்கும், கலப்பை கிளப்பி விடற பூச்சிக்காக. மயிலைக் கேட்கவே வேண்டாம்! 1963-ல் தேசியப் பறவை ஆனவருக்குத் தகரத்தைத் தட்டினாலும் வெடி போட்டாலும் நாலு நாளைக்குத்தான் பயம் :-)

அடி வாங்கறது கூகைன்னுதான் எனக்குப் படுது. எலி சலசலக்கறதை வச்சே கும்மிருட்டுல பிடிக்கற பறவை அது. அமெரிக்காவுல ரோஜர் பெய்ன் இதை இருட்டறையில தரையெல்லாம் சருகைப் பரப்பி சோதிச்சுக் காட்டினார். 2016-ல் ஜப்பான்ல காட்டு ஆந்தைகள் பக்கத்துல ரோட்டு இரைச்சலை ஒலிக்க விட்டுப் பார்த்தாங்க; இரையைக் கண்டுபிடிக்கற திறமை குறைஞ்சுது. ஆயில் என்ஜின் இரைச்சலும் அதே மாதிரி கனத்த சத்தம்தானே? வெள்ளாமையைத் தின்னற மயில் அசையாம நிக்குது, எலியைப் பிடிச்சுக் குடுக்கற கூகைக்குக் காது அடைக்குது.

கொஞ்சமாவது அமைதி மிச்சம் இருக்கறது கொரங்காட்டுலதான். சுத்தி முள்கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், அங்கங்க வெள்வேல மரம், காங்கேயம் மாடு. மோட்டார் கிடையாது, அடிக்கடி உழவும் கிடையாது. கௌதாரி கத்தறது அங்க தெளிவா கேட்கும். அந்தக் காட்டையும் இப்ப சைட் போட்டு வித்துட்டு இருக்காங்க.

உங்க ஊர்ப்பக்கம் ராத்திரியில கூகை இன்னும் அலறுதுங்களா?