வடக்கே திரும்பிய மூடா நீர்



பட்டர்வொர்த்தில் நாம் பருகும் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றினுடையது. ஆனால் அவ்வாற்றின் தலைப்பகுதி நீர் மலையைத் துளைத்து வடக்கே திருப்பப்பட்ட வரலாற்றை நம் பிள்ளைகளுள் அறிந்தோர் மிகச் சிலரே.

முன்னாளில் கடாரம் எனப்பட்ட கெடாவின் சமவெளி, மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்த நிலம். இரு போகம் காணும் நோக்குடன், உலக வங்கியின் கடனுதவியோடு மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1966-இல் தொடங்கப்பெற்றது. மூடா ஏரிக்கு நீர்வரத்து மிகுதி, கொள்ளளவு குறைவு. அண்டையிலுள்ள பெடு ஏரிக்கோ கொள்ளளவு மிகுதி, வரத்துக் குறைவு. ஆதலால் ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள சாயோங் சுரங்கத்தின் வழியே மூடாவின் நீர் பெடுவுக்குச் செலுத்தப்பட்டது. (வரைபடத்தில் இதனைக் காட்டினால் மாணவர் எளிதில் உணர்வர்.) 1970 முதல் ஏறத்தாழ 96,000 ஹெக்டர் நிலம் படிப்படியாக இருபோக நிலமாயிற்று. நாட்டின் பசியைத் தணித்த திட்டம் இது என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், நெல் பெருகிய வயலில் மீன் அருகியது. ஒருபோகக் காலத்தில் மாதக்கணக்கில் தேங்கிய நீரில் விரால், கெளுத்தி, செப்பாட் ஆகியவை தாமே வளர்ந்தன. ஏழைக் குடும்பங்களுக்குக் காசின்றிக் கிடைத்த புரதம் அதுவே. இருபோகத்தின் இடையே வயல்கள் வறண்டன. பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் மிகுந்தன. குஞ்சுகள் மடிந்தன. மருந்து தெளித்த உழவரின் தோலும் மூச்சும்கூட அந்நஞ்சுக்கு விலக்கல்ல. அரிசி நிறைந்த வீட்டில் கறிக்கு மீனை விலைகொடுத்து வாங்கும் நிலை வந்ததை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

நடு ஆசியாவின் ஆரல் கடலை நோக்கிய ஆறுகள் 1960-களில் பருத்திக்காகத் திருப்பப்பட்டபோது கேடு இதனினும் கொடிது. வறண்ட ஏரிப்படுகையின் உப்பும் நஞ்சும் புழுதியாய்ப் பறந்து மக்களின் நெஞ்சை அரித்தன. நமக்கு மழை உண்டு; அந்நிலை நேரவில்லை. ஆயினும் 1978-ஆம் ஆண்டு வறட்சியில் பாசனப் போகம் கைவிடப்பட்டது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் தென்கெடாவும் பினாங்கும் எஞ்சிய நீரைப் பகிர்கின்றன. கடல்நீர் உட்புகாதிருக்கத் தடுப்பணை வேண்டியிருந்தது. வறண்ட மாதங்களில் ஆற்றுக்கு நீர்விட 2004-இல் பெரிஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. மூடா, பெடு, ஆனிங் ஆகிய மூன்று ஏரிகளுக்கும் நீர் தருவது உலு மூடா காடு. அங்கு மரம் வெட்டுவதை நிறுத்தினால் கெடா இழக்கும் வருவாயை யார் ஈடுசெய்வது, ஆற்றுநீருக்குப் பினாங்கு விலை தரவேண்டுமா என்பன பற்றி இரு மாநிலங்களும் நெடுநாளாய் வழக்காடி வருகின்றன.