நேர்கூற்றும் மேற்கோள் குறிகளும்

கதையில் பாத்திரங்கள் பேசும் சொற்களைக் கதை சொல்பவரின் சொற்களிலிருந்து பிரித்துக் காட்டும் நிறுத்தக்குறி மேற்கோள் குறி ஆகும். ஒருவர் கூறியதை அவர் கூறியவாறே தருவது நேர்கூற்று எனப்படும். அதனைப் பிறர் தம் சொற்களில் மாற்றித் தருவது அயற்கூற்று எனப்படும். இவற்றுள் நேர்கூற்றுக்கே மேற்கோள் குறி இடப்படுகிறது. தமிழகப் பள்ளிகளில் இது மொழிப்பயிற்சியின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்படுகிறது.

தேவை

"அம்மா நாளை வருவேன் என்றாள்" என்னும் தொடர் குறிகள் இன்றி எழுதப்பட்டால் இரு பொருள் தரும்.

* அம்மா, “நாளை வருவேன்” என்றாள். (வருபவர் அம்மா)
* “அம்மா, நாளை வருவேன்” என்றாள். (வருபவர் மகள்)

"அம்மா" என்னும் சொல் எழுவாயாகவும் விளியாகவும் வருவதே இம்மயக்கத்திற்குக் காரணம். பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் இவ்வேறுபாட்டை உணர்த்திவிடுகிறது. எழுத்தில் அப்பணியைக் குறிகளே செய்கின்றன.

வரலாறு

ஓலைச்சுவடிகளில் இன்றுள்ளது போன்ற மேற்கோள் குறிகள் இல்லை. எனினும், பேச்சு முடியும் இடத்தைக் காட்ட "என", "என்று", "என்றான்" போன்ற சொற்கள் தமிழில் தொன்றுதொட்டு இருந்து வருகின்றன. "என" என்னும் இடைச்சொல்லின் பொருள்களைத் தொல்காப்பியம் இடையியலில் வகுத்துக் கூறுகிறது. குறுந்தொகை முதலிய அகநூல்களில் பாடல் யார் கூற்று என்பதைப் பாடலுடன் உள்ள குறிப்புகள் தெரிவிக்கின்றன. சமசுகிருதத்தின் "இதி" என்னும் சொல்லும் இவ்வாறே பேச்சின் இறுதியில் வருவதாகும்.

காற்புள்ளி, வினாக்குறி, மேற்கோள் குறி முதலியவை ஐரோப்பிய அச்சு மரபின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகள் பரவ வழிசெய்தவர்களுள் ஆறுமுக நாவலர் (1822–1879) குறிப்பிடத்தக்கவர்.

"மேற்கோள்" என்னும் சொல் இக்குறிக்கு முற்பட்டது. இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ள பெண்ணாடத்தில் பிறந்தவராகக் கூறப்படும் மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை இயற்றினார். அந்நூலின் கருத்துகள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நிறுவப்படுகின்றன. அங்கு மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்தைக் குறிக்கும்; பிறர் கூற்றை எடுத்தாளுதல் என்னும் பொருளில் அன்று.

விதிகள்

1. பேசிய சொற்கள் மட்டும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அமையும். "என்றான்", "என்று கேட்டாள்" ஆகியவை வெளியே நிற்கும்.
2. பேசுபவர் பெயர் முன்னே வந்தால் அதன்பின் காற்புள்ளி இடுவது வழக்கம்: வேலன், “மழை வருகிறது” என்றான்.
3. பேச்சிற்குரிய வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் உள்ளே வரும்: “குடை எங்கே?” என்று கேட்டான். வினா முழுத் தொடருக்கும் உரியதாயின் குறி வெளியே வரும்: “வா” என்று அழைத்தது யார்?
4. பேச்சைத் தொடர்ந்து "என்றான்" வருமாயின் பேச்சின் இறுதியில் முற்றுப்புள்ளி தேவையில்லை. சில இதழ்களும் நூல்களும் அவ்விடத்தில் காற்புள்ளி இடுகின்றன. இவ்விரு வழக்கங்களுள் ஒன்றைக் கதை முழுவதும் பின்பற்றுதல் வேண்டும்.
5. பேசுபவர் மாறும்போது புதிய பத்தி தொடங்கும்.
6. பேச்சிற்குள் வேறொருவர் பேச்சு வந்தால் அதற்கு ஒற்றை மேற்கோள் குறி இடப்படும்: “தாத்தா ‘கவனமாகப் போ’ என்றார்” என்று கூறினாள்.
7. "எனக் கேட்டான்" என்பதில் ஒற்று மிகும். "என்று கேட்டான்" என்பதில் மிகாது.

நாடக வடிவில் பேசுபவர் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு உரையாடலை எழுதுவர். அங்கு மேற்கோள் குறி தேவைப்படுவதில்லை.

அயற்கூற்றாக மாற்றுதல்

அயற்கூற்றில் மேற்கோள் குறி நீங்குவதுடன் சில சொற்களும் மாறுகின்றன. "நான்" என்பது "தான்" எனவும், "இங்கே" என்பது "அங்கே" எனவும், "நாளை" என்பது "மறுநாள்" எனவும் மாறும்.

* நேர்கூற்று: கயல்விழி, “நான் நாளை இங்கே வருவேன்” என்றாள்.
* அயற்கூற்று: கயல்விழி தான் மறுநாள் அங்கே வருவதாகக் கூறினாள்.

குறிகளை நீக்கிவிட்டு, "நான்" என்பதை மாற்றாமல் விடுதல் மாணவர் எழுத்தில் காணப்படும் பிழையாகும். அப்போது "நான்" என்பது கயல்விழியா, கதை சொல்பவரா என்ற ஐயம் எழும்.

கற்பிக்கும் முறைகள்

* படக்கதை: பேச்சுக் குமிழிக்குள் உள்ள சொற்களே மேற்கோள் குறிக்குள் வரும் என்பதை இதன்வழி எளிதாக விளக்கலாம். குமிழிக்கு வெளியே உள்ளவை கதை சொல்பவரின் சொற்கள்.
* பகுத்து வாசித்தல்: பாத்திரங்களின் பேச்சைச் சில மாணவரும், "என்றான்", "என்றாள்" உள்ளிட்ட எஞ்சிய பகுதியை வேறொருவரும் வாசித்தல். ஒரு குரல் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடமே குறி இடவேண்டிய இடம்.
* குறி நீக்கிய பத்தி: அறிந்த கதை ஒன்றைக் குறிகளின்றி எழுதித் தந்து, அவற்றை இடச் செய்து, காரணமும் கேட்டல்.
* வடிவ மாற்றம்: சிறு நாடகக் காட்சியைக் கதையாக எழுதச் செய்தல்.

கதைக்கு அப்பால்

மேற்கோள் குறி, உள்ளே இருப்பவை பேசியவரின் சொற்களே என்று வாசகருக்கு அளிக்கும் உறுதியாகும். செய்தியிலோ கட்டுரையிலோ ஒருவர் கூறியதன் சுருக்கத்தை மேற்கோள் குறிக்குள் இட்டால், அவர் கூறாத சொற்களைக் கூறியதாகக் காட்டும் தவறு நேரும். கதையில் யார் பேசினார் என்று பிரித்தறியும் பயிற்சி இவ்விடத்திலும் பயன்படுகிறது.

பிற மொழிகளில்

பிரெஞ்சு மொழியில் « » என்னும் குறிகளும், சப்பானிய மொழியில் 「 」 என்னும் குறிகளும் பயன்படுகின்றன. கணினி விசைப்பலகையில் உள்ள நேர்க்குறி (") திறப்புக்கும் மூடலுக்கும் ஒன்றே. சொற்செயலிகள் அதனை “ ” என்னும் இணைக்குறிகளாகத் தாமே மாற்றித் தருவதுண்டு.

இவற்றையும் பார்க்கவும்

* நிறுத்தக்குறிகள்
* இடைச்சொல்
* ஆறுமுக நாவலர்