சாட்சியில்லாத ஒரு கலை

கனவு காண்பது எல்லோருக்கும் பொது. கனவு நடந்துகொண்டிருக்கும்போதே அது கனவென்று அறிந்து, அந்தப் பிரக்ஞையோடு அதில் மேலும் உலவுவது சிலருக்கே எப்போதாவது வாய்ப்பது. அந்த வாய்ப்பைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல், அப்பியாசத்தால் வரவழைத்துக்கொள்ளலாம் என்று துணிந்து, ஒரு கைத்தொழிலைக் கற்பதுபோல் அதைக் கற்றுக்கொண்டவர்களோ உலக சரித்திரத்தில் மிகச் சொற்பம். நம் முன்னோர் கனவைப் பற்றிக் கவலைப்பட்டதெல்லாம் பெரும்பாலும் அதன் பலனைப் பற்றித்தான். எந்த ஜாமத்தில் கண்ட கனவு எப்போது பலிக்கும் என்று அறியக் கனாநூல் இயற்றினார்களே ஒழிய, காணும்போதே அதன் போக்கைத் திருப்பலாமா என்று அந்நூல் கேட்கவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் கனவிலும் உறக்கத்திலும் விளையும் ஞானத்தை மனம் பற்றி நிற்கலாம் என்று ஒரு சூத்திரத்தில் சொல்லிவிட்டு மேலே சென்றுவிடுகிறது. திபெத்திய பௌத்தர்கள் நாரோபரின் ஆறு யோகங்களில் ஒன்றாகவே கனவு யோகத்தை வைத்து, அதைக் குரு சிஷ்ய பரம்பரையாகக் காத்துவந்தார்கள்; ஆயினும் கனவில் விழித்திருத்தல் அவர்களுக்கு முடிவன்று, விழிப்பிலே காணும் உலகமும் கனவைப்போல் சாரமற்றதென்று தெளிவதற்கு ஒரு சாதனம். அப்படிப்பட்ட பாரமார்த்திக நோக்கம் ஏதுமின்றி, கனவுக்காகவே கனவை ஆராய்ந்து, அதில் சுவாதீனம் பெறும் வழிகளை வரிசையாக எழுதிவைத்தவர் பாரிஸ் நகரத்துப் பிரபு ஒருவர்.

அவருக்கு முன்பும் மேல்நாட்டில் இந்த அனுபவம் அறியப்படாமல் இல்லை. உறங்குகிறவனுடைய உள்ளத்திலேயே ஏதோ ஒன்று, தோன்றுவது கனவுதான் என்று சொல்வதுண்டு என அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகஸ்தீன் எழுதிய ஒரு கடிதத்தில், கார்த்தேஜில் இருந்த ஜென்னாதியஸ் என்ற வைத்தியரின் கனவு வருகிறது. கனவில் தோன்றிய இளைஞன் ஒருவன், உன் உடம்பு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க, படுக்கையில் இருக்கிறது என்று வைத்தியர் சொல்ல, அந்த உடம்பின் கண்கள் மூடிக்கிடக்கும்போது என்னை எந்தக் கண்ணால் பார்க்கிறாய் என்று அவன் மடக்குகிறான். உடம்பு போனபின்பும் ஆத்மா இருந்து காணும் என்று நிலைநாட்டுவதற்கு அகஸ்தீனுக்கு அந்தக் கனவு பயன்பட்டது. அத்தகைய கனவை மறுபடியும் வரவழைப்பது எப்படி என்ற கேள்வி அவருடைய கேள்வி அன்று.

1822இல் பாரிஸில் பிறந்த ஹெர்வே த சேன் தெனி என்ற மார்க்கிஸ், வெளியுலகுக்குச் சீன மொழிப் பண்டிதராகவே அறிமுகமானவர். தாங் வமிசத்துக் காலத்துச் சீனக் கவிதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். பிற்காலத்தில் கொலேஜ் த பிரான்ஸில் சீன மொழிப் பேராசிரியர் பீடத்தில் அமர்ந்தவர். ஆனால் அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போதே, தனிமையில் படித்துவந்த அந்தச் சிறுவன், சித்திரம் வரைவதிலே இருந்த ஆசையால், முந்தின இரவு கண்ட வினோதமான கனவு ஒன்றைப் படமாக எழுதிப் பார்த்தான். படம் நன்றாக அமைந்துவிட்டபடியால் மறுநாளும் எழுதினான். பிறகு அதுவே நித்திய கர்மமாகிவிட்டது. விழித்தவுடன் ஒரு பக்கமாகப் புரண்டு படுத்தாலே கனவில் பாதி நழுவிவிடும் என்பது முயன்று பார்த்த எவருக்கும் தெரியும். அந்தச் சிறுவனுக்கும் ஆரம்பத்தில் நினைவில் நின்றவை துண்டுதுணுக்குகளே. எழுத எழுத நினைவு பழகி, கடைசியில் ஒன்றும் நினைவில்லை என்று சொல்லத்தக்க இரவே இல்லாமற் போயிற்று. இவ்வாறு 22 நோட்டுப் புத்தகங்களில் 1946 இரவுகளின் கனவுகள், வர்ணச் சித்திரங்களோடு சேர்ந்தன.

கனவுக்குள்ளே கனவென்ற அறிவு அவருக்கு முதலில் வந்தது அந்தக் குறிப்பேட்டின் 207ஆம் இரவில். ஆறு மாதம் கழித்து ஐந்து இரவுகளுக்கு இரண்டு இரவு வீதமும், ஒரு வருஷத்தில் நான்குக்கு மூன்று வீதமும், பதினைந்து மாதம் ஆனபின் அநேகமாக ஒவ்வோர் இரவும் அந்த அறிவு வந்துகொண்டிருந்தது என்று அவரே கணக்குக் கொடுக்கிறார். மந்திரமோ மூலிகையோ பிராணாயாமமோ இதில் இல்லை. பகலெல்லாம் கனவைப் பற்றி எழுதியும் எண்ணியும் வந்தவன், அந்த எண்ணத்தையே கனவிலும் எண்ணிவிட்டான் என்பதற்கு மேல் இதற்கு விளக்கம் தேவையில்லை. இந்தக் கலையின் தலைவாசல் நோட்டுப் புத்தகம்தான் என்று நான் கருதுவது இதனால்தான். பின்னால் வந்த ஆசிரியர்கள் எத்தனையோ உபாயங்களைக் கூட்டினார்கள், ஆனால் அந்த வாசலைத் தவிர்த்து உள்ளே போக வழி சொன்னவர் மிகக் குறைவு.

பிரபு வளர்ந்தபின் செய்த பரிசோதனைகள் இன்று படித்தாலும் வியப்பூட்டுகின்றன. தென்கிழக்குப் பிரான்ஸில் மலைப்பாங்கான விவரே பிரதேசத்துக்கு அவர் விருந்தினராகப் புறப்படுமுன், தாம் அதுவரை உபயோகித்திராத ஒரு வாசனைத் தைலப் புட்டியை வாங்கிக்கொண்டார். அங்கே தங்கிய நாளெல்லாம், உடனிருந்தோர் பரிகசித்தும் பொருட்படுத்தாமல், கைக்குட்டையை அதிலேயே தோய்த்து வைத்திருந்தார். கிளம்பும் அன்று புட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டார். சில மாதங்கள் கழித்துப் புட்டியை வேலைக்காரனிடம் கொடுத்து, என்றைக்கு என்று எனக்குச் சொல்லாமல், உனக்குத் தோன்றிய ஒரு விடியற்காலையில் நான் தூங்கும்போது தலையணையில் சில துளி தெளித்துவிடு என்று ஏற்பாடு செய்தார். நாள் தமக்கே தெரியாமலிருக்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். எதிர்பார்ப்பே கனவை உண்டாக்கிவிடக்கூடாதென்ற அந்த எச்சரிக்கை, சோதனைச்சாலை எதையும் மிதித்திராத ஒரு கனவானிடம் இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் விவரேயின் ஞாபகமே கனவில் வரவில்லை. பின்பு ஓர் இரவு மலைகளும் ஓங்கிய செஸ்ட்நட் மரங்களும் கரும்பாறையும் சித்திரம் எழுதலாம் போன்ற தெளிவோடு எதிரே நின்றன. விழித்து விசாரித்தபோது, துளிகள் விழுந்தது அன்றைக்குத்தான். அத்துடன் விடவில்லை. ஓர் ஓவியரின் கூடத்தோடு வேறொரு வாசனையைப் பழக்கப்படுத்திக்கொண்டு, இரண்டையும் ஒருங்கே தெளிக்கச் செய்தபோது, விவரே மாளிகையில் எல்லோரும் போஜனத்துக்கு அமர்ந்திருக்க, கதவைத் திறந்துகொண்டு அந்த ஓவியர், அவர் கூடத்தில் ஓவியத்துக்கு நின்ற பெண்ணை அந்தக் கோலத்திலேயே அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்! 2007இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், பாடம் கற்கும்போது ரோஜா மணத்தை முகரச் செய்து, ஆழ்ந்த உறக்கத்தில் அதே மணத்தை ஊட்டினால் பாடம் நன்றாகப் பதிகிறது என்று காட்டியதும், அடிப்படையில் இந்தத் தலையணை வித்தையைச் சார்ந்ததே.

துர்க்கனவை அவர் வென்ற விதம் வேறு வகை. அகோரமான உருவங்கள் அறைக்கு அறை துரத்த, கதவுகளைத் திறப்பதும் சாத்துவதுமாகத் திணறி ஓடும் கனவு ஆறு வாரங்களுக்குள் பன்முறை வந்து வருத்தியது. கடைசி முறை, இது கனவென்ற அறிவு உதித்ததும், ஓட்டத்தை நிறுத்திச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முன்னே வந்த பூதத்தை அங்கம் அங்கமாக உற்றுப் பார்க்கலானார். பார்க்கப் பார்க்க அதன் வேகம் தணிந்து, உருவம் கலைந்து, வேஷக் கடையில் தொங்கும் கந்தல்களாக ஆடி நின்றது. இன்னொரு கனவில், இறந்தால் என்ன தெரியும் என்று அறியும் ஆசையால் உயரமான ஜன்னலிலிருந்து குதித்தார். விழுந்தது ஞாபகமில்லை, தேவாலயத்தின் முன் கூடியிருந்த கூட்டத்தில் ஒருவராக நின்று, கோபுரத்திலிருந்து விழுந்த எவனோ ஒருவனின் சவத்தைத் தூக்கிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுபவத்தில் இல்லாததைக் கற்பனை கட்டித்தராது என்பது அவர் கண்ட முடிவு.

1867இல், ஆசிரியர் பெயரைப் போடாமல், கனவுகளையும் அவற்றைச் செலுத்தும் வழிகளையும் பற்றிய அந்நூலை அவர் வெளியிட்டார். அக்காலத்தில் பிரான்ஸில் கனவு விஷயத்தில் பிரமாணமாக விளங்கியவர் ஆல்ஃபிரட் மோரி. கட்டிலின் ஒரு பகுதி கழுத்தில் விழுந்த கணத்திலேயே புரட்சிக்கால விசாரணையும் கில்லட்டினும் நீண்ட கனவாகத் தமக்குத் தோன்றின என்று எழுதியவர். கனவிலே சித்தமும் கவனமும் செயலற்றிருக்கின்றன என்ற அவருடைய கொள்கையை மறுப்பதற்குப் பிரபுவிடம் இருந்த ஆயுதம் தம் சொல் ஒன்றுதான். அது போதவில்லை. நூல் அரிதாகி, கனவுகளின் வியாக்கியானத்தை எழுதப் புகுந்த பிராய்டே தமக்கு ஒரு பிரதி கிடைக்கவில்லை என்று குறிப்பிடும்படி ஆயிற்று. அது கிடைத்திருந்தால் மனோதத்துவ சாஸ்திரத்தின் போக்கே மாறியிருக்கும் என்று சிலர் சொல்வது மிகை. பிராய்டு தேடியது கனவின் மறைபொருளை, அதன் கடிவாளத்தை அன்று.

அடுத்து இப்பாதையில் நடந்தவர் ஹாலந்து தேசத்து வைத்தியரும் நாவலாசிரியருமான பிரெடரிக் வான் ஈடன். 1913 ஏப்ரலில் லண்டனில் ஆவியுலக ஆராய்ச்சிச் சங்கத்தாருக்கு அவர் வாசித்த கட்டுரையில், 1898 முதல் 1912 வரை இவ்வகைக் கனவுகள் 352 கண்டதாகக் கூறி, இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையும் இட்டார். கனவில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை முஷ்டியால் குத்தினார், அது உடையவில்லை, சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்க்கையில் உடைந்து கிடந்தது. கனவு, தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சமாதானம் சொல்லக் கொஞ்சம் தாமதித்தது என்றே கொள்ள வேண்டும். இத்தனை நுட்பமாகக் கவனித்த மனிதர், கனவில் துன்புறுத்தும் பிசாசங்களை மெய்யான ஜீவன்களாகவே எண்ணினார். விஞ்ஞானிகள் இந்த விஷயத்தை நெடுங்காலம் தீண்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1959இல் அமெரிக்கத் தத்துவாசிரியர் நார்மன் மால்கம் ஒரே போடாகப் போட்டார்: உறங்குகிறவன் எதையும் தீர்மானிக்க முடியாது, ஆகவே கனவில் அது கனவென்று அறிந்தேன் என்பது பொருளற்ற பேச்சு. இதற்கு விடை சொல்லும் கருவி அதற்கு முன்பே சிகாகோ சர்வகலாசாலையில் கிடைத்திருந்தது. 1953இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் துரிதமாக அசையும் கட்டங்கள் உண்டென்றும், அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்கிறார்கள் என்றும் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டத்தில் கைகால்கள் கட்டுண்டு கிடக்கும். கண்கள் மட்டும் கட்டுப்படுவதில்லை. இங்கிலாந்தில் ஹல் சர்வகலாசாலையில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர், கனவில் விழிப்பு வரும்போது கண்ணை இடமும் வலமுமாக எட்டு முறை ஓட்டும்படி ஆலன் வொர்ஸ்லி என்பவரோடு பேசி வைத்தார். 1975 ஏப்ரல் 12ஆம் தேதி காலை, வொர்ஸ்லி உறங்கிக்கொண்டிருக்க, ஓடும் காகிதத்தில் அந்த அசைவு கோடுகளாகப் பதிந்தது. அவ்வளவு காலமும் ஒருவர் வாய்ச்சொல்லாகவே இருந்த விஷயத்துக்கு முதல் சாட்சி அந்தக் கோடுகள். ஹெர்னின் செய்தி பரவவில்லை. அதை அறியாமலே ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் அதே வழியைக் கண்டு, 1981இல் பிரசுரித்தார். கனவில் இடக்கையையும் வலக்கையையும் மாற்றி மாற்றி முஷ்டி பிடித்துத் தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தந்திக் குறிகளாக அனுப்ப, அசையாது கிடந்த முன்கைகளின் தசையில் மெல்லிய மின்துடிப்பாக அவை பதிவாயின.

லபெர்ஜ் வகுத்த சாதனமும் எளிது. பின்னிரவில் ஒரு கனவிலிருந்து விழித்ததும் அதை முழுதும் நினைவுகூர்ந்து, அடுத்த கனவில் இது கனவென்று நினைப்பேன் என்று சங்கற்பம் செய்துகொண்டு, அப்படி நினைப்பதாகவே பாவித்தபடி மறுபடி உறங்க வேண்டும். ஜெர்மனியில் பவுல் தோலை என்பவரோ பகலிலேயே அடிக்கடி, இப்போது நான் காண்பது கனவோ என்று மெய்யாகவே ஐயுற்றுக் கேட்டுக்கொள்ளும்படி பழக்கினார். இயந்திரமாகக் கேட்டால் பலனில்லை. தூக்கம் ஏற்கெனவே குலைந்தவர்கள் பின்னிரவில் எழும் இவ்வழியைத் தொடாமலிருப்பதே நலம்.

2021இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி சென்றது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 36 பேரை வைத்து, கனவில் இருப்பவரிடமே வெளியிலிருந்து கேள்வி கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று ஒருவரிடம் கேட்டபோது, மூடிய கண்கள் இரண்டு முறை இடவலமாக ஓடின. பெரும்பாலான முறை பதிலே வரவில்லை. சரியான பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கேள்வி சிலருக்குக் கனவுக்கு வெளியே ஒலிக்கும் குரலாகக் கேட்டது. சிலருக்குக் கனவிலிருந்த வானொலியிலிருந்தே வந்தது. கண்கள் சரியாக விடையளித்திருந்தும், விழித்தெழுந்தபின் சிலர் நினைவிலிருந்து சொன்ன கணக்கு, அவர்களிடம் கேட்கப்பட்ட கணக்காக இருக்கவில்லை.