அந்தமான் வரைபடம்: கரை தெரியும், காடு தெரியாது

பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கடலும் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பாம்பூஃப்ளாட்டுக்குப் பின்னால் உள்ள மவுண்ட் ஹாரியட்டிலிருந்து தெரியும் காட்சி அது. அந்தமான் வரைபடத்தின் கதையும் ஏறக்குறைய அந்தப் படம் மாதிரிதான். கரை பளிச்சென்று தெரியும். காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

1788-89ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்ச்சிபால்ட் பிளேரை அனுப்பி இந்தத் தீவுகளை அளக்கச் சொன்னது. பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு எதிரே இருக்கிற சாத்தம் தீவில் 1789ல் அவர் குடியேற்றம் அமைத்தார். மனிதர் கடலோடி. எங்கே குடா, எங்கே ஆழம், எங்கே நங்கூரம் போடலாம் என்பதுதான் அவர் கவலை. 1792ல் குடியேற்றம் வட அந்தமானுக்குப் போனது. நோய் தாங்காமல் 1796ல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

உள்நிலத்தையும் சேர்த்து சர்வே ஆஃப் இந்தியா அளந்தது 1883-86ல், ஹாப்டே என்ற அதிகாரியின் தலைமையில். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து!

ஏன் இவ்வளவு தாமதம்? முதல் காரணம், 1858 வரை அங்கே மறுபடி குடியேற்றமே இல்லை. இரண்டாவது, காடு. 1802ல் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் ஆரம்பித்த முக்கோண அளவைக்கு ஒரு உயரத்திலிருந்து இன்னொரு உயரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம்மூரில் அதற்குக் கோயில் கோபுரங்கள் இருந்தன. (1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது அது இடிபட்டுச் சேதமானது தனிக்கதை.) அந்தமானில் ஏது கோபுரம்? வடக்கே 732 மீட்டர் சேடில் பீக், அங்கிருந்து இறங்கும் கல்பாங் ஆறு, எங்கும் மரம். மேலே ஏறி நின்றாலும் மரங்களின் தலைதான் தெரியும்.

அந்த மரங்களுக்குக் கீழே ஆட்கள் வாழ்ந்தார்கள். கிரேட் அந்தமானியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்த இடம் அது. 1877ல் குடியேற்றத்திலிருந்து அம்மை நோய் பரவி ஏராளமானோர் செத்தார்கள். அளவைக்காரர்கள் வந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். வரைபடம் நிரம்ப நிரம்ப, காடு காலியாகிக்கொண்டு வந்தது.

ஹாரியட் என்பது 1860களில் இங்கே கண்காணிப்பாளராக இருந்த டைட்லரின் மனைவி பெயர். 2021ல் அந்த மலை மவுண்ட் மணிப்பூர் ஆனது. போர்ட் பிளேர் 2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. எந்தப் பெயர் சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எல்லாமே கப்பலில் வந்த பெயர்கள், அவ்வளவுதான்.

வரைபடத்தில் பெயரில்லாமல் பச்சையாக ஒரு இடம் கிடந்தால், அதைக் காலி இடம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.